முன்னங்கையில் ஒரு பிரெஞ்சுத் தகராறு

காசநோய்க் கிருமி ஒருவர் உடலில் எப்போதேனும் குடியேறியதா என்பதை அறிய, முன்னங்கைத் தோலுக்குள் ஊசி போட்டு இரண்டு நாள் காத்திருக்கும் முறையை மாண்டூ சோதனை என்பர். சார்ல் மாண்டூ என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1908இல் விளக்கிய இம்முறை, 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் இன்றும் நடப்பதற்கு வரலாற்றுப் பாசம் காரணமன்று. உண்மையிலேயே இருமுபவர் கோரிமேட்டு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்குச் சென்று சளியைச் சோதிக்கக் கொடுக்கிறார். மாண்டூவைத் தேடுபவரோ பெரும்பாலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சான்று கேட்டதற்காகக் காமராசர் சாலைப் பக்கம் ஏதேனும் ஒரு லேபுக்குள் நுழையும் திடகாத்திரமான இளைஞர்.

ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமியன்று. அதிலிருந்து பிரித்தெடுத்த டியூபர்குலின் என்னும் புரதம். 1890இல் ராபர்ட் காக் இதன் மூல வடிவைக் காசநோய்க்கு மருந்தாக அறிவிக்க, நோயாளிகளும் மருத்துவர்களும் பெர்லினுக்குத் திரண்டனர். குணப்படுத்தும் ஆற்றல் அதற்கில்லை என்பது விரைவில் வெளிப்பட்டது. பரீட்சையில் தோற்றவரையே பரீட்சைக்கூடக் கண்காணிப்பாளராக அமர்த்தியதுபோல், அது பின்னர் சோதனைப் பொருளாக மறுவாழ்வு பெற்றது.

0.1 மி.லி. மருந்து தோலுக்குள் இறங்கியதும் எழும் வெளிறிய புடைப்பைச் சுற்றிப் பணியாளர் பால்பாயின்ட் பேனாவால் வட்டமிட்டு, சொறியக் கூடாது, தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று எச்சரித்து அனுப்புகிறார். முடிவை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமை காலை ஊசி போட்டுக்கொண்டவருக்கு அந்த அவகாசம் ஞாயிறு காலை தொடங்கித் திங்கள் காலை முடிந்துவிடும். லேபின் ஷட்டருக்கு இக்கணக்கு தெரியாது. இதற்கிடையில் வட்டத்துக்குள் சிவப்பு படர, வீடே கூடி அதை ஆராய, அத்தை கத்தரிக்காயையும் கருவாட்டையும் தடை செய்கிறார். மருத்துவமோ சிவப்பைப் பொருட்படுத்துவதேயில்லை. விரலால் தடவி உணரப்படும் தடிப்பின் குறுக்களவு மட்டுமே கணக்கு. அந்தத் தடிப்பின் விளிம்பைக் கண்டறிய, பேனாவை வெளியிலிருந்து மெல்ல நகர்த்தி அது தடைபடும் இடத்தைக் குறிக்கும் ஒரு முறையும் 1975 முதல் உண்டு.

சிக்கல் அதன் பின்னரே தொடங்குகிறது. புயத்தில் கிடக்கும் பிசிஜி தழும்பும் பிரெஞ்சுச் சரக்குதான்: கால்மெட், கெரான் இருவரும் உருவாக்கி 1921இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்த தடுப்பூசி அது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வு காட்டினாலும், காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. அதுவும் டியூபர்குலினுக்கு உடலைப் பழக்கிவிடக்கூடும் என்பதால், தடிப்பு 10 மி.மீ.யைத் தாண்டினால், அது கால்மெட்டின் கைவேலையா, இந்தியரில் பலருக்குள் நோயாகாமல் உறங்கும் கிருமியா, நோயேதானா என்று மாண்டூவால் சொல்ல இயலாது. ஒரே தமிழ்க் கையில் மேலே ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்ததைக் கீழே இன்னொரு பிரெஞ்சுக்காரர் சந்தேகிக்க, படிவத்தில் இருப்பவையோ ஆம், இல்லை என்னும் இரண்டே கட்டங்கள்.

பிசிஜியால் குழம்பாத ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஆனால் செலவு கூடுதல். ஆகவே பெரும்பாலும் மார்பு எக்ஸ்ரேதான் தீர்ப்பு வழங்குகிறது. நுரையீரல் தெளிவாக இருந்து சான்று கைக்கு வந்த பின்னரும், 12 மி.மீ. தடிப்புக்குக் காரணம் தடையை மீறி உண்ட கருவாட்டுக் குழம்பே என்பதில் அத்தைக்கு ஐயம் எழுவதில்லை.