சேலம் பதிப்பு

அறுபதுகளின் கனத்த ராக் இசையைக் கேட்பவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுக்காததே நல்லது. கூட்டம் பெரிதென்று தெரிந்தால் பாதிப் பேர் அன்றைக்கே விலகிவிடுவார்கள். நான் கேட்டதை நீ கேட்டிருக்கக் கூடாது. கேட்டிருந்தாலும் நான் கேட்ட பதிப்பைக் கேட்டிருக்கக் கூடாது. இந்த ரசனைக்கு அதுதான் அடிப்படைச் சட்டம்.

இவர்களிடம் போய் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பிடிக்கும் என்று சொல்லிப் பாருங்கள். டிசம்பர் கச்சேரியில் “எனக்கு ராகமெல்லாம் தெரியாது, ஆனா ரசிப்பேன்” என்பவருக்குக் கிடைக்குமே, அந்தப் புன்னகை கிடைக்கும். எரிக் கிளாப்டன் என்றால், “எந்த கிளாப்டன்?” என்பார்கள். 1966-இல் ஜான் மேயலின் குழுவில் வாசித்து, இசைத்தட்டு அட்டையில் சிறுவர் காமிக்ஸ் படித்தபடி உட்கார்ந்திருந்தாரே, அவரா? அதே வருஷம் கிரீம் குழுவைத் தொடங்கினாரே, அவரா? ஒரே ஆள்தானே என்று சொல்லிவிட்டால் அன்றோடு நட்பு முடிந்தது.

எங்கள் கூட்டத்தில் நாலு பேர். பேங்கில் ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர். எலும்பு டாக்டர் ஒருவர். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவன். நாலாவது ஆள் நான். மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேச ஒரு சாட்சி வேண்டியிருந்ததால் சேர்த்துக்கொள்ளப்பட்டவன்.

பேங்க் அண்ணனின் கல்வி கேசட்டில் நடந்தது. எழுபது எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் என்றால் விளக்க வேண்டாம். ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, காலி கேசட்டுக்கும் பதிவுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வந்தால், அடுத்த வாரம் கேசட் தயாராக இருக்கும். சேலத்தில் அப்படி ஒரு கடையில் அண்ணன், அயர்ன் பட்டர்ஃப்ளை குழு 1968-இல் வெளியிட்ட அந்தப் புகழ்பெற்ற 17 நிமிடப் பாட்டைக் கேட்டிருக்கிறார். ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டுதான். கேசட் வந்தது. பாட்டு ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைக்காரரிடம் போய்க் கேட்டால், “நடுவுல வெறும் கொட்டுதான் சார், பாட்டே இல்ல. எடுத்துட்டு, மிச்ச எடத்துல உங்களுக்கு ‘நினைத்தாலே இனிக்கும்’ போட்டிருக்கேன்” என்றாராம் பெருந்தன்மையாக.

வேறு யாராவது இருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். அண்ணன் போடவில்லை. அந்தக் கேசட்டை இன்றும் வைத்திருக்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சேலம் பதிப்பு’. உலகில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு என்பார். மறுக்க முடியாது, உண்மைதான்.

இந்தப் போட்டியில் தம்பி இன்னும் தீவிரம். அவனுக்கு ஒரு குழு பிடிக்க வேண்டுமென்றால் அது கலைந்திருக்க வேண்டும். தட்டு விற்காமல் போயிருக்க வேண்டும். இங்கிலாந்தின் லீஃப் ஹவுண்ட் குழுதான் அவன் குலதெய்வம். 1971-இல் டெக்கா கம்பெனி அவர்கள் தட்டை வெளியிட்டபோது குழுவே கலைந்து போயிருந்தது. அன்று வாங்க ஆளில்லாத அந்த மூலப்பதிப்பு இன்று ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகிறது. “1971 எப்படிடா அறுபதுகள் ஆகும்?” என்று டாக்டர் கேட்டால், “சத்தம் அறுபதுகளோடது டாக்டரே, தேதிதான் லேட்டு” என்பான்.

டாக்டரின் சீட்டு வேறு. அவர் உள்நாட்டுச் சரக்கு. சிம்லா என்ற சிகரெட்டை விற்பதற்காக இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டியில், நாடெங்கும் இருந்து கல்லூரிப் பையன்களின் குழுக்கள் வந்து வாசித்தன. 1970-க்கும் 71-க்கும் அந்தக் குழுக்களின் பாட்டுகள் தட்டாகவும் வந்தன. ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ், மெட்ராஸிலிருந்து கன்ஃப்யூஷன்ஸ். கிழிந்துபோன சத்தத்தில் கிடார், அதன் மேல் பையன்களின் குரல். புகையை விற்பதற்காகப் பிறந்த தட்டு, பிற்பாடு மேல்நாட்டு சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருளாகிவிட்டது. மறுபதிப்பெல்லாம் அங்கேதான் போட்டார்கள். மெட்ராஸ் பையன்கள் வாசித்ததை மெட்ராஸ்காரர்கள் வெள்ளைக்காரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம் என்பது டாக்டருக்குத் தீராத மனக்குறை. தீர்ந்துவிட்டால் அவருக்குப் பேச ஒன்றும் இருக்காது.

இந்த மூவரும் ஒரு வார இறுதியில், நகரத்துச் சத்தம் இல்லாத இடத்தில் தட்டுகளை நிம்மதியாகக் கேட்கலாம் என்று கொல்லிமலைக்குப் புறப்பட்டார்கள். ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், போர்வையில் சுற்றிய தட்டுகள், நான்.

காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கும்போதே பீட்டர் கிரீன் பேச்சு வந்துவிட்டது. மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருப்பதால், எந்தக் கருத்து எங்கே சொல்லப்பட்டது என்று சந்தேகமில்லாமல் நினைவிருக்கிறது. ஃப்ளீட்வுட் மேக் குழுவை 1967-இல் தொடங்கிய பீட்டர் கிரீனின் 1959-ஆம் வருஷத்து லெஸ் பால் கிடாரில், இரண்டு பிக்கப்பில் ஒன்றின் காந்தம் திரும்பி இருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் சத்தத்தில் ஒரு பகுதி தன்னைத்தானே தின்றுவிடும். மிஞ்சுவது மூக்கடைத்த ஓர் அழுகை. அந்த அழுகைக்காகத்தான் பிற்பாடு அந்தக் கிடார் கேரி மூரிடம் போய், இன்று மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. காந்தம் தவறிப்போய்த் திரும்பியதா, வேண்டுமென்றே திருப்பியதா? 9-ஆவது வளைவில் தொடங்கிய இந்தக் கேள்வி 31 வரை ஓடியது. வளைவுக்கு வளைவு எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். அதைத் தவிர ஒற்றுமை ஏதுமில்லை.

அங்கிருந்து ரோரி கலகர். அயர்லாந்துக்காரர், டேஸ்ட் என்ற குழுவில் இருந்தவர். அவருடைய 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பெயிண்ட் முக்கால்வாசி உரிந்து மரம் தெரியும். ரசிகர்களுக்கு அது புண்ணிய தரிசனம். வேர்வையால் உரிந்தது என்பது ஐதீகம். டாக்டர் உடம்பு உப்பு, அமிலம் என்று பாடமெடுக்கத் தொடங்கினார். தம்பி ரொம்ப நேரம் போனில் அந்தப் படத்தையே பார்த்தான். பிறகு, தொழில்முறைத் தீர்ப்பாக, “பிரைமர் சரியா அடிக்கல டாக்டரே” என்றான். அன்றைய உரையாடலில் அனுபவத்திலிருந்து வந்த வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஐம்பதுகளின் வளைவுகளில் வாடகைக் கார் டிரைவர் முதன்முறையாக வாய் திறந்தார். “கிடாருன்னா ‘இளைய நிலா’ தானுங்க சார்.” காருக்குள் ஒரு மௌனம். 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் கிடார் தூக்கிய ஒவ்வொரு பையனும் அந்தத் தொடக்கத்தை வாசிக்கப் பார்த்து விரலைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறான். எல்லோரும் கேட்டது என்பதுதான் மூவருக்கும் அதில் இருந்த ஒரே குறை. எனக்கோ அங்கேதான் கணக்கு இடித்தது. எம்.எஸ்.விஸ்வநாதனுக்கு வாசித்த கிடார் பிலிப்ஸ், இளையராஜாவுக்கு வாசித்த சதானந்தம் எல்லாம் கோடிக்கணக்கான காதுகளுக்குள் போனவர்கள். ராஜாவே ‘அன்னக்கிளி’க்கு முன் ஜி.கே.வெங்கடேஷ் குழுவில் கிடார் வாசித்தவர்தான். ஆனால் தட்டின் அட்டையில் பாடகர் பேர் இருக்கும், கவிஞர் பேர் இருக்கும், வாசித்தவர் பேர் பெரும்பாலும் இருக்காது. இங்கே சத்தம் ஊருக்கே தெரியும், ஆளைத் தெரியாது. எங்கள் அண்ணன்மார் வழிபடும் குழுக்களிலோ டிரம் வாசித்தவரின் மாமனார் ஊர் வரைக்கும் தெரியும், சத்தத்தைத்தான் யாரும் கேட்டதில்லை. இதைச் சொல்ல வாயெடுத்தேன். 61-ஆவது வளைவு வந்து கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

செம்மேட்டுக்குப் பக்கத்தில், மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஒரு வீட்டு மாடியில் தங்கினோம். வீட்டுக்காரர் முடவாட்டுக்கால் சூப்போடு வந்தார். கொல்லிமலைக்கு வருபவர்கள் அதைக் குடிக்காமல் போக முடியாது. ஆட்டுக்கால் போல ரோமத்தோடு இருக்கும் ஒரு கிழங்கு. மூட்டு வலிக்கு நல்லது என்று விற்கிறார்கள். எலும்பு டாக்டர் அதைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு இரண்டு டம்ளர் குடித்தார்.

தட்டு சுழன்றது. ப்ளூ சீயரின் முதல் தட்டு, 1968. மூன்றே பேர் வாசித்து, ஒரு கட்டடம் இடியும் சத்தத்தை எழுப்பிய குழு. வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டார். ஐந்து நிமிடம் ஆனது.

“ஏனுங்க, ஸ்பீக்கரு கிழிஞ்சு போச்சுங்களா?”

டாக்டர் பொறுமையாக விளக்கினார். 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்துத்தான் இந்தக் கரகரப்பை உண்டாக்கினார், அதுவே உலகத்தை மாற்றியது என்றார். வீட்டுக்காரர் தலையாட்டினார். “எங்க கோயில் குழாய் ஸ்பீக்கரு பொறந்ததுல இருந்தே அப்பிடித்தானுங்க. பிளேடே போடல.”

அடுத்து கிரீம் குழுவின் 1968 தட்டு, ‘வீல்ஸ் ஆஃப் ஃபயர்’. அதில் ஜிஞ்சர் பேக்கர் தனியாக டிரம் அடிக்கும் 16 நிமிடத்துச் சங்கதி ஒன்று உண்டு. சேலம் கடைக்காரர் கேட்டிருந்தால் மொத்தத்தையும் வெட்டி எறிந்திருப்பார். கிடார் நின்று கொட்டு தொடங்கியதும் எங்கள் மூவரும் வழக்கம்போல அதன் மேல் பேச ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி வரை அசையவில்லை.

“இது நல்லாருக்குதுங்க. எந்த ஊரு செட்டு?”

“லண்டன்” என்றார் டாக்டர்.

“வாசிச்ச ஊரு சான் பிரான்சிஸ்கோ” என்று திருத்தினார் அண்ணன்.

“ஆடிப் பதினெட்டுக்கு இங்க ஓரி விழா நடக்குமுங்க. கூப்பிட்டா எவ்வளவு கேப்பாங்க?”

“அவர் 2019-லயே காலமாயிட்டாரு.”

“அடப்பாவமே. பையன் யாராச்சும் வாசிக்கிறாருங்களா?”

அண்ணன் தயங்கினார். பிறகு உண்மைக்குக் கட்டுப்பட்டவராக, “வாசிக்கிறாரு. கோஃபி பேக்கர்னு பேரு” என்றார். வீட்டுக்காரர் திருப்தியோடு சோறு ஆயிற்றா என்று பார்க்க இறங்கிப் போனார்.

அன்றிரவு பேச்சு லெட் செப்பலினுக்குப் போனது. 1972-இல் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாயில் நம் ஊர் வாத்தியக்காரர்களோடு பதிவு செய்ததும், ஸ்லிப் டிஸ்க் என்ற சின்ன டிஸ்கோவில் ஏறி வாசித்ததும் நிஜம். அந்தப் பதிவு அதிகாரபூர்வமாக வெளிவர 2015 ஆயிற்று. அந்த டிஸ்கோவில் அன்று இருந்ததாகச் சொல்லும் ஆட்களை எல்லாம் கூட்டினால் ஒரு கிரிக்கெட் மைதானம் வேண்டும். “அங்க இருந்தேன்னு சொல்றவங்க எல்லாருக்கும் இப்ப இடுப்புல அதே ஸ்லிப் டிஸ்க்தான். நான்தான் பாக்கறேன்” என்றார் டாக்டர்.

மறுநாள் செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்கு எதிரே டீ குடித்தோம். ஓரி இந்த மலையை ஆண்ட வள்ளல். புறநானூற்றில் வன்பரணர் சொல்லும் அவன் அம்பு ஒரே பாய்ச்சலில் யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக் கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய் நின்றது. அதே 152-ஆம் பாட்டில் அவனுக்கு முன் வாசிக்கத் தயாராகும் குழுவின் முழுப் பட்டியலும் இருக்கிறது: முழவு, யாழ், யானைத் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை. கொட்டு எத்தனை, பாருங்கள். ஜிஞ்சர் பேக்கரே போதும் என்பார்.

அடுத்த பாட்டு, 153, இன்னும் விசேஷம். ஓரி அள்ளிக் கொடுத்ததில் கலைஞர்களுக்குப் பசியே போய்விட்டது; பசி போனதால் ஆடவும் முடியவில்லை, பாட்டும் மறந்துவிட்டது என்கிறார் புலவர். இதைச் சொன்னதும் டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். மிசிசிப்பி வயல்காட்டில் பசியிலிருந்து பிறந்தது ப்ளூஸ் என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருபவர் அவர்.

“அப்போ ப்ளூஸை வயிறு நிறையப் போட்டு ஒழிச்ச முதல் ஆளு ஓரிதான்.”

“அந்த யாழ்க்காரர் பேரு என்னன்னு இருக்கா?” என்றான் தம்பி.

“இல்ல” என்றேன்.

“தட்டு?”

“ஏதுடா தட்டு.”

“வாசிச்சதைக் கேட்டவங்க?”

“ரெண்டாயிரம் வருஷம் ஆகப் போகுது.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேர் இல்லை, தட்டு இல்லை, கேட்ட ஒரு காது உயிரோடு இல்லை, குழுவும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துபோயிற்று. லீஃப் ஹவுண்ட் ஒரே நொடியில் சினிமாப் பாட்டாகிவிட்டது. தம்பி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

பேங்க் அண்ணன் டீயை நிதானமாக முடித்தார்.

“அவங்களோட ஆரம்ப காலம்தான் நல்லா இருக்கும்” என்றார்.