துரைமார் நட்ட கல்

அடுத்தவன் வீட்டுச் சண்டைக்கு ஓடிப்போய் அடிவாங்க ஒரு தனிக் குணம் வேணும். 1936இல் ஸ்பெயினின் குடியரசைக் கவிழ்க்க ஜெனரல் பிராங்கோ கிளம்பினார். அவரைத் தடுக்க ஐம்பதளவு நாடுகளிலிருந்து ஏறத்தாழ 35,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பல ஆயிரம் பேர் யூதர். பாரிசில் கோட்டுத் தைத்துப் பிழைத்த போலந்து யூதர் ஊசியைக் குத்திவைத்துவிட்டுத் துவக்கைத் தூக்கினார்கள். 1937 டிசம்பரில் 'போட்வின் கம்பனி' என்று தங்களுக்கென ஒரு பிரிவே அமைத்து, இத்திஷ் மொழியில் பத்திரிகையும் அடித்தார்கள். குண்டு விழும்போதும் பத்திரிகை நிற்கக்கூடாது என்று நினைத்தவர்கள் எங்கட ஆக்களுக்குத் தூரத்துச் சொந்தமாய்த்தான் இருக்கவேணும்.

பிராங்கோ வென்றார். போலந்து அரசு, அந்நியப் படையில் சேர்ந்தாய் என்று சொல்லி அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. ஸ்பெயின் 1996இல்தான், எஞ்சியிருந்த கிழவர்களைக் கூப்பிட்டு, "வாருங்கோ, நீங்களும் எங்கட குடிமக்கள்" என்றது. அறுபது வருசம். அரச அலுவல் என்றால் எந்த நாட்டிலும் அப்படித்தான்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தி, வட இலங்கையின் வன்னிக்கு வந்த வெளியார் வேறு ரகம். அவருக்குச் சம்பளம் இருந்தது. பெயர் கப்டன் வொன் டிறிபேர்க்; முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் காவற்படை அதிகாரி. ஜெர்மன் பெயரோடு இங்கிலாந்துக்காக ஏன் நின்றார் என்று கேட்கக்கூடாது. மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பரம்பரையே ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்ததுதான். அந்த மன்னருக்காக இலங்கையில் துவக்குத் தூக்கியவர்களில் மலாய்க்காரரும் சென்னைப் பக்கத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் மட்டும் என்ன? வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனுக்குக் கைகொடுத்தது கண்டி. அந்தச் சிம்மாசனத்தில் இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை வழி நாயக்கர். தேடிப் பார்த்தால், அந்தச் சண்டையில் சொந்த ஊரில் நின்று அடிபட்டவர்கள் வன்னியனும் அவருடைய ஆட்களும்தான்.

1803 ஜூனில் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தது. கள்ளன் கால் இடறும்போதுதான் தள்ளவேணும் என்பது வன்னியனுக்குத் தெரியும். ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவைத் தாக்கினார். கப்டன் வீரமாக யோசித்து, வீரமாக வள்ளத்தில் ஏறி, யாழ்ப்பாணத்தில் கரைசேர்ந்தார். வன்னியனின் ஆட்கள் ஆனையிறவு வரை போனார்கள்.

பிறகு ஆங்கிலேயர் பல திசைகளிலிருந்தும் படை அனுப்பினார்கள். ஒக்டோபர் 31 விடியற்காலை, ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில் டிறிபேர்க் திடீரென்று பாய்ந்தார். நேருக்கு நேர் நின்றபோது வள்ளம் தேடியவருக்கு, எதிரி கண்விழிக்க முந்திப் போனபோது வெற்றி கிடைத்தது.

துரைமாருக்குப் புளுகம் தாங்கவில்லை. அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டார்கள். அதில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு செய்தி: இவ்விடத்தையண்டி கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31. வள்ளத்தில் ஏறிய நாளுக்குக் கல் இல்லை.

இங்கேதான் கணக்குப் பிழைத்தது. சனம் அந்தக் கல்லைப் பார்த்தபோது கப்டனைத் தாண்டிப் போய் இரண்டாவது பெயரைப் பிடித்துக்கொண்டது. முல்லைமணி பண்டாரவன்னியனை நாடகமாக்கி மேடையேற்றினார். கலைஞர் கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்று நாவலே எழுதினார். வவுனியா நகரில் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் விழா எடுப்பதும் ஓகஸ்ட் 25இல், அதாவது கப்டன் ஓடிய நாளில்! டிறிபேர்க்கின் பெயரை இன்றும் ஒருவர் உச்சரிக்கிறார் என்றால், அது வன்னியனின் கதையைச் சொல்லும்போதுதான்.

போட்வின் கம்பனிக்காரர் கூலி கேளாமல் போய்த் தோற்றவர்கள். டிறிபேர்க் கூலிக்கு வந்து வென்றவர். கடைசியில் புகழ் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நீங்களே பாருங்கோ. இனிமேல் வெற்றிக்குக் கல் நட நினைக்கும் ஆட்சியாளருக்கு ஒரு இலவச ஆலோசனை: தோற்றவனின் பெயரை மட்டும் அதில் வெட்டாதையுங்கோ.