மாமனாருக்கு ரசீது

சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தின் கலை, வடிவமைப்புக் காட்சிக்கூடத்தைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. உத்தியோகத்தின் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதை தெரியும். நாள் முழுக்க மோவாயில் கைவைத்து ஓவியங்களை ரசித்துக்கொண்டிருந்தவன் என்ற நினைப்பு. என் கையில் இருந்ததெல்லாம் ஏணி, ரசமட்டம், ஆணி டப்பா, சாவிக்கொத்து. போதாததற்குத் திறப்பு விழாவன்று குத்துவிளக்கின் ஐந்து திரியும் முதல் குச்சியிலேயே பற்றிக்கொள்ளும்படி நுனியில் கற்பூரத்தைப் பொடித்து வைக்கும் பொறுப்பு வேறு. பேராசிரியர்கள் கலையைப் பார்த்துக்கொண்டார்கள். நான் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஓவியமாவது சுவரில் தொங்கும். வடிவமைப்பு மாணவர்களின் படைப்புகள் தரையில் நிற்கும். அது படைப்பு என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு வருடக் கடைசிக் கண்காட்சியில் ஒரு மாணவி பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டி நாற்காலி செய்திருந்தாள். சிறப்பு விருந்தினர் சுற்றிப் பார்த்துக் கால் வலித்ததும் "அப்பாடா" என்று அதில் அமர்ந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்தான் அழுதாள். "சார், அது உட்காரச் செஞ்ச நாற்காலி இல்ல சார். நாற்காலின்னா என்னன்னு கேக்கற நாற்காலி." விருந்தினர் வருகைப் பதிவேட்டில் "இருக்கை வசதி நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கூடத்துக்கு ஒரு ஏசி கேட்டுப் பணிக்காலம் முழுக்கக் கோப்பு எழுதினேன். கோப்பு கனத்ததே தவிரக் கூடம் குளிரவில்லை. அதனால்தான் ஓய்வுக்குப் பிறகு கோடைக்கானலில், செண்பகனூர்ப் பக்கம், வீடு பார்த்தேன். ஏறக்குறைய 7,000 அடி உயரம். ஏசி இலவசம், மின்கட்டணம் இல்லை, கோப்பும் வேண்டாம்.

வீட்டில் நுழைந்த கையோடு சுவர்களை அளந்தேன். உலகமெங்கும் காட்சிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சராசரி ஆளின் கண் மட்டம் அது. என் மனைவி சராசரிக்குக் கொஞ்சம் கீழே. "ஏங்க, சாமி படத்தையும் கண்ணுக்கு நேரா மாட்டினா எப்படிங்க? அண்ணாந்து பார்த்தாத்தான சாமி?" என்றாள். இந்தக் கேள்விக்கு எந்த அருங்காட்சியகக் கையேட்டிலும் பதில் இல்லை. முருகன் மேலே போனார். மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டரை மட்டும் கூடத்தில் மாட்ட நான் சம்மதிக்கவில்லை. அது அடுக்களைக் கதவுக்குப் பின்னால், ஸ்டூல் போட்டு எட்டும் உயரத்துக்குப் போயிற்று.

மாணவர்கள் பிரிவுபசாரத்துக்குத் தந்த நீர்வண்ண ஓவியங்கள் சில என்னிடம் உண்டு. நீர்வண்ணத்துக்கு வெளிச்சம் ஆகாது. 50 லக்ஸுக்கு மேல் போனால் நாளடைவில் நிறம் வெளுத்துவிடும். ஆகவே அவற்றை நடையின் இருட்டான சுவரில் மாட்டினேன். வந்தவர்களில் பாதிப் பேர் ஸ்விட்ச் என்று நினைத்து அவற்றைத் தடவினார்கள். பழைய சகா ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பார்த்தவர், என் மனைவியின் அலமாரிக் கண்ணாடி முன் வந்து நின்றார். அதன் விளிம்பில் வரிசையாகச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகள். எங்கள் தொழிலில் படத்தின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் விற்றுப்போயிற்று என்று பொருள். "இது எட்டு தரம் வித்திருக்கு போலிருக்கே!" என்றார். இந்த வீட்டில் என் ரசனையைப் பாராட்டாமல் மனைவியின் கண்ணாடியைப் பாராட்டிப் போன விருந்தாளி அவர்.

இதெல்லாம் ஐப்பசி பிறக்கும்வரை. அப்புறம் பனிமூட்டம் வந்தது. ஜன்னலைத் திறந்தால் சொந்தக்காரர் மாதிரி கூசாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. போகச் சொல்ல முடிவதில்லை. நான் வைத்த ஈரப்பதமானி 90-ஐத் தொட்டது. ஓவியங்களுக்கு 50 சதவீதம் சுகம். 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குச் சுகம். கூடத்தில் மாட்டியிருந்த மாமனார் மாமியார் கல்யாண போட்டோவில் முதல் வெள்ளைப் புள்ளி மாமனாரின் கோட்டில் பூத்தது. பழைய கறுப்பு வெள்ளை போட்டோவின் மேற்படலம் ஜெலட்டின். பூஞ்சைக்கு அது இலை போட்ட விருந்து. போட்டோ கண்ணாடியில் ஒட்டாமல் நடுவே அட்டைச் சட்டம் வைக்க வேண்டும், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றோட இரண்டு தக்கைத் துண்டுகள் கொடுக்க வேண்டும் என்று மனைவிக்கு விளக்கினேன். "அடுப்புப் பக்கம் மாட்டுங்க, காஞ்சிடும்" என்றாள். வத்தல் போடும் அதே நம்பிக்கையில்.

நான் விஞ்ஞானத்தை நம்பி சிலிகா ஜெல் வாங்கினேன். காய்ந்திருக்கும்போது நீலம், ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பு. காலையில் நீலமாக வைத்தது சாயங்காலக் காப்பிக்குள் இளஞ்சிவப்பாகி நின்றது. அதை 120 டிகிரியில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். வாணலி கேட்டேன். "வறுத்துத் தாளிக்கணுமா?" என்றாள். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமைக்கிற பாத்திரம் கூடாது, தனி வாணலி வேண்டும் என்று உண்மையைச் சொன்னேன். அடுத்த நொடி நான், ஜெல், ஈரப்பதமானி மூவரும் அடுக்களைக்கு வெளியே.

என் மானத்தை இன்னும் வாங்குவது ஒரு மைல் தள்ளி இருக்கும் அருங்காட்சியகம். சேசு சபையார் 1895-இல் தொடங்கிய திருஇருதயக் கல்லூரியின் செண்பகனூர் அருங்காட்சியகத்தைத்தான் சொல்கிறேன். பாடம் செய்த மிருகங்கள், பாம்புகள், பட்டாம்பூச்சிகள், பழனி மலையில் தோண்டி எடுத்த பழம்பொருட்கள் என்று எல்லாம் இதே பனிமூட்டத்துக்குள் குடியிருக்கின்றன. அங்கிருந்த ஆங்லேட் பாதிரியார் இந்த மலைத் தாவரங்களைக் கண்ணும் கருத்துமாக வண்ணத்தில் வரைந்தவர். நியூட்டன் பாதிரியாரோடு சேர்ந்து இங்குள்ள கல்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய், ஒரு செடியை வரைவது போட்டோ எடுப்பதைவிட ஏன் மேல் என்று விளக்குவேன். இலையின் அடிப்பக்கம், பூவின் குறுக்குவெட்டு, காய், விதை, எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டோ காட்டாது, கை காட்டும். சொந்தக்காரர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "போட்டிங் எத்தனை மணி வரைக்கும்?" என்பார்கள்.

கல்திட்டை பார்க்கவும் தாண்டிக்குடிப் பக்கம் அழைத்துப் போயிருக்கிறேன். பக்கவாட்டில் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல். இரண்டாயிரம் வருடத்துக்குக் குறையாமல் ஒரு ஆணி இல்லாமல் நிற்கிறது. நான் அடித்த ஆணிகளில் எத்தனை தங்கின என்று மனைவி அங்கேயே கேட்டாள். மலைக்காற்று பலமாக இருந்ததால் காதில் விழவில்லை.

இந்நிலையில் மச்சினர் திண்டுக்கல்லில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார். அப்பா அம்மா போட்டோ விழாவுக்கு வேண்டும் என்றார். கேட்டதும் என் உடம்பில் பழைய ரத்தம் ஓடியது. காட்சிக்கூடத்திலிருந்து ஒரு துரும்பு வெளியே போவதானாலும் கடன் படிவம் இரண்டு பிரதி எழுதியாக வேண்டும். எழுதினேன். பொருள், அளவு, ஊடகம். தற்போதைய நிலை: "மாமனார், இடது தோளில் பூஞ்சைப் புள்ளிகள். மாமியார், சேதம் ஏதுமில்லை. முகக்கடுமை ஆரம்பம் முதலே உள்ளது." அடுத்த கட்டம் காப்பீட்டு மதிப்பு. பேனாவைக் கடித்து யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்கு விலை போடுறீங்களா?"

"நடைமுறைம்மா. தொலைஞ்சா ஈடு கேட்கணும்ல?"

"எவ்வளவு போட்டிருக்கீங்க, காட்டுங்க." தொகையைப் பார்த்தாள். "இவ்வளவுதானா?"

வெட்கத்தோடு ஒரு சைபர் கூட்டினேன்.

மச்சினர் காரில் வந்தார். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டுமே, அதை வாங்கிப் பெருமையாகக் காட்டினார். "அரசாங்கமே ஒரு ஃபாரத்தோட விட்டுடுச்சு மச்சான், நீங்க ரெண்டு காப்பி கேக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே படிக்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டோவைப் பஞ்சும் பழைய வேட்டியும் சுற்றி, மூலைகளுக்கு அட்டை கொடுத்து, "மேல் பக்கம்" என்று அம்புக்குறி போட்டு ஏற்றினேன். கொண்டை ஊசி வளைவுகளில் மாமனாரைப் படுக்க வைக்க வேண்டாம், நிமிர்த்தியே கொண்டுபோங்கள் என்றும் சொன்னேன்.

விழா முடிந்தது. திருப்பித் தரும் தேதியும் போயிற்று. போன் செய்தேன்.

"அப்பா இங்கயே இருக்கட்டும் மச்சான். அந்தப் பனி அவருக்கு ஒத்துக்கல, நீங்களே எழுதியிருக்கீங்களே, தோள்ல பூஞ்சைன்னு. இங்க வெயில்ல பளிச்சுன்னு ஆயிட்டார். அப்புறம், அந்த மதிப்புன்னு ஒரு தொகை போட்டிருந்தீங்கள்ல? அதுல பாதி எனக்கும் பங்கு வரும், எப்ப வரட்டும்?"

நான் படிவத்தின் பிரதியை மடித்துப் பீரோவில் வைத்துத் திரும்புவதற்குள் காலியான ஆணியில் காலண்டர் ஏறிவிட்டது. நடுப்புள்ளி சரியாக 150. தொழில் விடவில்லை, பக்கத்தில் ஒரு குறிப்பட்டை எழுதி ஒட்டினேன்: "தாளில் அச்சு. நடப்பு ஆண்டு. மளிகைக் கடை அன்பளிப்பு. தொடாதீர்கள்."

மனைவி அதைப் படித்துப் பார்த்தாள். படித்துக்கொண்டே அன்றைய தாளைக் கிழித்து, அதில் பாலுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தாள்.