ராத்திரி பத்தரைக்கு லேப்டாப்பை அணைப்பது எப்படி: ஊரப்பாக்கம் அப்பாக்களுக்கு

முதலில் உங்கள் வீட்டு லேப்டாப் எந்த வம்சம் என்று பாருங்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்ததென்றால், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ் தூங்கிக்கொண்டிருக்கலாம். டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது. பாஸோ உபுண்டுவோ, வைத்தியம் ஒன்றுதான்.

டெர்மினலை எப்படித் திறப்பது என்று பையனிடம் மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் விஷயம் வெளியே போய்விடும். கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். திறந்ததும் சூடோ ஷட்டவுன் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு +60 போட்டால் ஒரு மணி நேரத்தில் அணையும்.

மணி குறித்து அணைக்க 22:30 என்று போடவும். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்கு நின்று பழகியவர்களுக்கு ரயில்வே நேரம் புதிதா என்ன? மறந்துபோய் 10:30 என்று அடித்தால் மறுநாள் காலை பத்தரைக்கு அணையும். அப்போது மூத்தவள் அதில் ஆன்லைன் இன்டர்வியூவில் தன் பலங்களை அடுக்கிக்கொண்டிருப்பாள். அன்றைக்குச் சாப்பாடு வெளியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் அணைய வேண்டுமா? சூடோ க்ரான்டேப், கழித்தல் குறி, இ. அதில் முதலில் நிமிடம், பிறகுதான் மணி: 30 22. அடுத்து மூன்று நட்சத்திரம். உடனே பஞ்சாங்கத்தை எடுக்காதீர்கள். எந்தத் தேதி, எந்த மாதம், எந்தக் கிழமையானாலும் சரி என்று அர்த்தம். சனிக்கிழமை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அம்மா சிபாரிசுக்கு வந்தால் கடைசி நட்சத்திரத்துக்குப் பதில் 0-5. ஞாயிறு 0, வெள்ளி 5. வரிக் கடைசியில் முழு முகவரியோடு /sbin/shutdown, இடம் விட்டு +10. பத்து நிமிடம் அவகாசம் கொடுப்பது பெரிய மனுஷத்தனம்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் வினை. சூடோ ஷட்டவுன், கழித்தல் குறி, சி. இவ்வளவு அடித்தால் உங்கள் ஆணை ரத்து. அதற்குப் பாஸ்வேர்டு வேண்டுமே என்று தைரியமாக இருக்காதீர்கள். லேப்டாப்பில் உபுண்டு ஏற்றியது யார்? இத்தனையும் அடிக்க நீங்களே அவனிடம்தான் பாஸ்வேர்டு கேட்டு நிற்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கலாம். பேட்டரி செத்த பழைய லேப்டாப்பென்றால் பலிக்கும். இல்லையென்றால் வைஃபை பெட்டியை அணையுங்கள். அவன் உங்கள் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் எடுத்துக்கொள்வான். அந்தப் பாஸ்வேர்டும் அவன் வைத்ததுதான்.