ஊசி படாத ஒட்டு

கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் தொங்கும் கட்டில் விரிப்பைப் பாருங்கள். கட்டம், பூ, புள்ளி என்று ஏகப்பட்ட துண்டுகளை இணைத்ததுபோல் இருக்கும். தடவினால் ஒரே துணி. துண்டுகளும் அச்சு, நடுவே ஓடும் தையலும் அச்சு. ஒட்டுப் பிரியுமோ என்ற கவலையே இல்லை. சாயம் போனால் எல்லாத் துண்டும் ஒற்றுமையாகப் போகும். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவருக்கு அது போதும், அவரைக் குறை சொல்லவில்லை.

பாட்டி பழஞ்சேலையை அடுக்கித் தைத்த காலத்தில் ஒட்டு என்றால் இல்லாமை. விருந்தாளி வந்தால் மடித்து உள்ளே தள்ளுவார்கள். இன்று அதையே அச்சடித்துக் காசு கேட்கிறார்கள். கந்தலுக்கு வந்த வாழ்வு!

அச்சை வைத்து வழக்கும் உண்டு: படம் அச்சிட்ட பெரிய துண்டை, அதாவது பேனலை, நடுவில் வைத்துப் போர்வை தைப்பது கைவேலையா, களவா என்று அமெரிக்காவில் வாக்குவாதம். பழவேற்காட்டைக் கேட்டிருக்கலாம். அதுவும் கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டம்தான்; 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டியது துணி வியாபாரத்துக்காக. சோழமண்டலக் கரையில் வண்ணம் எழுதிய 'பலம்போர்' விரிப்பு, நடுவே மரம், சுற்றிலும் பூக்கரை: பேனல் இல்லாமல் வேறென்ன? ஐரோப்பியச் சீமாட்டிகள் நம் துணியின் பூவையும் பறவையையும் கத்தரித்து, வேறு துணியில் வைத்துத் தைத்துத் தங்கள் கைவண்ணம் என்றார்கள். இங்கிலாந்தோ 1721-இல் அச்சுப் பருத்தியைப் படுக்கையில் விரிக்கவே தடை போட்டது. 1774-இல் பெரிய மனது பண்ணி விலக்கியது; அதற்குள் பருத்தித் துணியை அவர்களே நெய்யக் கற்றிருந்தார்கள்.