ஓலையை மட்டும் மாத்திராத மாப்ள

உக்காரு மாப்ள. கையில என்ன, கனவு இல்ல வீட்டுத் திட்டத்துக்கு மனுவா? அப்ப மாமன் சொல்றதக் கேட்டுட்டுப் போயிக் கொடு.

முதக் காரியம், ஒழுகுதேன்னு கூரையை மாத்திராத. ஐப்பசி மழையில புள்ளைக நனையுதுன்னு வட்டிக்கு வாங்கி நாலு ஆஸ்பெஸ்டாஸ் சீட்டப் போட்டேன்னு வையி, அன்னைக்கே குடிசைப் பட்டியல்லருந்து உன் பேரு எந்திரிச்சுப் போயிரும். சர்க்கார் கண்ணுக்கு ஓலை தெரிஞ்சாத்தான் நீ ஏழை. மேலத்தெருவுல ஒருத்தன் புத்திசாலித்தனமா பின்பக்கம் மட்டும் ஓடு போட்டு வச்சான். கணக்கெடுக்க வந்தவுக வாசல்ல மோர் குடிச்சிட்டு, பின்பக்கமா ஒரு சுத்து சுத்துனாக. அம்புட்டுத்தான். இப்ப முன்பக்கம் ஒழுகுது, பின்பக்கம் அவன் பொண்டாட்டி ஏசுறா.

வாடகைக் குடிசையில கெடக்குறவனுக்கும் கெடையாது. குடிசையில நீயே குடியிருக்கணும், மனை உன்னுதா இருக்கணும், பட்டா இருக்கணும். இம்புட்டும் இருக்கவன் எதுக்குக் குடிசையில இருக்கான்னு கேக்காத. அதெல்லாம் பெரியவுக பேசுற பேச்சு.

இந்தத் திட்டத்துக்கு 2024 பட்ஜெட்டுல என்ன சொன்னாக? 2030க்குள்ள குடிசையே இல்லாத தமிழ்நாடு. எட்டு லட்சம் வீடு, முத வருசம் ஒரு லட்சம், வீட்டுக்கு மூணரை லட்ச ரூபா. 360 சதுர அடி, அதுல 300 கான்கிரீட்டு, மிச்ச 60க்குத் தீப்பிடிக்காத வேற கூரை.

வீட்டுத் திட்டம் மேல மட்டும் எந்தக் கட்சிக்கும் பகை இல்ல பாத்துக்க. 2010ல கலைஞரு ஆறு வருசத்துல 21 லட்சம் குடிசையைக் காரை வீடாக்குறேன்னாரு, வீட்டுக்கு 75,000. மறு வருசம் ஆட்சி மாறிப்போச்சு. ஜெயலலிதா அம்மா வந்து பசுமை வீடுன்னாக. அதுக்கு 1,80,000, அதே 300 சதுர அடி, மேல சூரிய வெளிச்ச வெளக்கு. டெல்லிக்காரவுக 2022க்குள்ள எல்லாருக்கும் வீடுன்னாக. 2022ம் வந்துச்சு, எட்டிப் பாத்துச்சு, போயிருச்சு. கிராமத்துல பிரதமர் பேருல கட்டுற வீட்டுக்கு டெல்லி தர்ற பங்கு 72,000. மாநிலம் தர்றது 48,000, தளம் போடன்னு அதுக்கு மேல இன்னொரு 1,20,000. மொய்யை நாம எழுத, மைக்குல பங்காளி பேரை வாசிச்ச மாதிரி.

துட்டு மொத்தமா வரும்னு நெனைக்காத. பேஸ்மட்டம் வந்தாக் கொஞ்சம், லிண்டல் வந்தாக் கொஞ்சம், தளம் போட்டாக் கொஞ்சம். ஒவ்வொரு மட்டத்துக்கும் ஆளு வந்து அளந்து போட்டோ புடிக்கணும். சிமெண்டும் கம்பியும் அவுகளே கொடுத்துக் கழிச்சுக்கிருவாக. போட்டோ புடிச்சு, பில்லு எழுதி, அது பேங்குல ஏறுற வரைக்கும் கொத்தனாருக்குச் சனிக்கெழமைக் கூலி? உன் பொண்டாட்டி காதுல இருக்கறத இப்பவே ஒரு தடவை நல்லாப் பாத்துக்க. அதான் மாநிலப் பங்குக்கும் மத்தியப் பங்குக்கும் நடுவுல இருக்க பங்கு.

என்ன முழிக்கிற, பேசாம மெட்ராசுக்குப் போயிரலாம்னா? போ. 1970ல குடிசை மாற்று வாரியம்னு ஆரம்பிச்ச புதுசுல, குடிசை இருந்த எடத்துலயே மாடி கட்டிக் கொடுத்தாக. காரை உதுந்தாலும் வேலைக்கு நடந்தே போகலாம். பெறகு நெலத்துக்கு வெல ஏறிப்போச்சு, கூவத்துக் கரையும் அழகா இருக்கணும்ல? அள்ளிக் கொண்டுபோயி கண்ணகி நகரு, செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு எறக்கி விட்டாக. 2015 வெள்ளத்துக்குப் பெறகு இன்னும் ஆயிரக்கணக்குல. பெரும்பாக்கத்துல எட்டு மாடி மாப்ள. லிப்டு நின்னா குடத்தோட ஏறிப் பாரு, அப்பத் தெரியும் நம்ம ஒழுகுற ஓலையோட அருமை. மயிலாப்பூருல நாலு வீட்டுல பாத்திரம் தேச்ச பொம்பளை பஸ்சுல போயிச் சேர்றதுக்குள்ள அந்த வீட்டுக்காரம்மா தானே தேச்சு முடிச்சிருக்கும். அப்புறம் எதுக்கு வேலைக்காரி? 2021ல வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாத்துனாக. நீளமான பேருதான். ஆனா மயிலாப்பூரு அங்கயேதான் இருக்கு.

2024லருந்து 2,500 சதுர அடி மனைக்குள்ள 3,500 அடி வரைக்கும் கட்டுறவுக கம்ப்யூட்டர்லயே உடனடி அனுமதி வாங்கிக்கலாமாம். மனை இருக்கவுகளுக்கு எப்பவும் வழி பொறக்கும். மனை இல்லாதவனுக்குத்தான் வீடு கொடுக்குறோம் வீடு கொடுக்குறோம்னு ஊரைத் தாண்டிக் கொண்டுபோறாக.

ஒண்ணே ஒண்ணு, கேலி பண்ண எனக்கே வாய் வரல. மெட்ராசைச் சுத்தி பெல்ட் ஏரியான்னு 1962ல ஒரு தடை போட்டாக. அதால தலமுறை தலமுறையா வீடு இருந்தும் பட்டா இல்லாமக் கெடந்துச்சு சனம். 2025 பிப்ரவரியில, மத்த டவுன் ஆளுகளையும் சேத்து 86,000 பேருக்குப் பட்டா தர்றதுன்னு மந்திரிசபையில முடிவெடுத்தாக. ஒரு செங்கல் வாங்கல, ஒரு டெண்டர் விடல. அதனாலதானோ என்னமோ அம்புட்டு வருசம் யாருக்கும் தோணல.

சரி, உன் பட்டாவை எடு, பாப்போம். எடுத்து வரலையா? நான் சொல்றேன் கேளு. உன் குடிசை நிக்கிறது உங்க ஆத்தாளுக்கு எங்கப்பன் வாய்வார்த்தையா விட்ட மனை. இன்னைக்கும் அது கூட்டுப் பட்டாதான், உட்பிரிவு செய்யல. அதுல முதப் பேரு யாருதுன்னு நெனைக்கிற? என்னுதுதான். நான் கையெழுத்துப் போடாம வி.ஏ.ஓ. உன் மனுவைக் கையால தொட மாட்டாரு. நாளைக்குச் சாயந்தரம் நான் சும்மாதான் இருப்பேன், வா. வர்றப்ப வெறுங்கையோட வராத. போன தீவாளிக்கு மாமனுக்கு வேட்டி எடுக்கணும்னு உனக்கு ஞாபகம் வரல பாரு.