கிளினிக் நாளில் போய்ப் பார்

தொண்ணூறுகளில் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்குப் போகக் காத்திருந்த நாங்கள், ஒரு யூனிட்டைப் பற்றி முதலில் கேட்பது, "அங்க கை வைக்க விடுவாங்களா?" என்பதைத்தான். கத்தியை எப்போது நம் கையில் தருவார்கள், இரவில் கால் உடைந்து வருகிறவருக்கு நாமே ஆணி அடிக்கலாமா, பெரியவர் கோபக்காரரா, இவையெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். பதில் எந்தக் கடதாசியிலும் இருக்காது. டொக்டர்மார் விடுதியின் சாப்பாட்டு மேசையில், எங்களுக்கு ஒரு வருடம் முந்திப் போனவர்கள் சொல்வதுதான் வேதவாக்கு.

இப்போது என் தம்பி மகள் அதே வாசலில் நிற்கிறாள். உள்ளகப் பயிற்சி முடித்து, பார்ட் வன் பரீட்சைக்குப் படிக்கிறாள். எலும்புச் சத்திரசிகிச்சையான ஓர்த்தோதான் என்று முடிவு. பொங்கலுக்கு வத்தேகமவுக்கு வந்தவள், வீட்டு முன்விறாந்தையில் லாப்டொப்பைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டினாள். வைத்தியசாலைகள் ஒரு பக்கம். மறுபக்கம் கிழமைக்கு எத்தனை தியேட்டர் நாள், எத்தனை கன்சல்டன்ட், தியேட்டரில் எக்ஸ்ரே பார்க்கும் சி-ஆர்ம் உண்டா, ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வாய்ப்புண்டா, வெளிநாட்டுத் தொடர்பு எப்படி, குவாட்டர்ஸ் கிடைக்குமா என்று நிரல் நிரலாக. நாங்கள் வாய்வார்த்தையில் தேடியதை இவள் தலைமுறை ஒழுங்காக எழுதி வைத்துத் தேடுகிறது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

"பெரியப்பா, கண்டியிலயே நிக்கிறதா, கொழும்புக்குப் போறதா? நீங்க சொல்லுங்க."

"எங்க போனாலும் சரி மகள். முடிவெடுக்க முந்தி அந்த யூனிட்டோட கிளினிக் நாளில போய் ஒரு மூலையில நின்டு பார்."

அவளுடைய அட்டவணையில் கிளினிக்குக்கு நிரலே இல்லை. எங்கள் மேசைப் பேச்சிலும் அது இருந்ததில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அது இல்லாமலும் சமாளிக்க முடிந்தது, இன்று முடியாது. காரணம் இதுதான்.

அன்று தொடை எலும்பு உடைந்து வந்த பலரை இழுவையில் போடுவோம். முழங்காலுக்குக் கீழே எலும்பினூடாக ஊசி செலுத்தி, கயிறு கட்டி, கப்பியில் பாரம் தொங்கவிட்டு, கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி வைத்திருப்போம். ஆறு கிழமை, சிலருக்கு மூன்று மாதம். வார்டில் ஒரு வரிசை முழுக்க இப்படித் தொங்கும் பாரங்கள். நோயாளிக்கு அது பெரும் துன்பம். படுக்கைப்புண் வரும், முழங்கால் இறுகிப்போகும், வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் பயிற்சியில் இருந்தவருக்கு ஒரு பாடம் தானாகக் கிடைத்தது: அந்த எலும்பு பொருந்துவதைத் தினமும் தொட்டுப் பார்த்தோம். மடுல்கலைத் தோட்டத்திலிருந்து வந்தவருக்கு எத்தனை பிள்ளைகள், லயத்து வாசலில் எத்தனை படி என்பதுகூட எங்களுக்குத் தெரியும்.

இன்று அதே முறிவுக்கு எலும்பின் மச்சைக் குழியில் ஆணி செலுத்தி, மேலும் கீழும் திருகாணியால் பூட்டுகிறார்கள். ஓரிரு நாளில் ஊன்றுகோலோடு எழுந்து நிற்கிறார். சில நாளில் வீடு போகிறார். இது மருத்துவம் செய்த மாபெரும் உபகாரம். கூடவே ஒன்று நடந்துவிட்டது. எலும்பு பொருந்துவதும் பொருந்தாமல் போவதும், கால் ஒரு விரற்கடை குட்டையாவதும், காயம் சீழ்ப்பிடிப்பதும் இனி வார்டில் தெரியாது, கிளினிக்கில்தான் தெரியும். கிளினிக் நாளன்று பயிற்சியில் இருக்கும் ரெஜிஸ்ட்ராரைத் தியேட்டருக்கு அனுப்பிவிடுகிற யூனிட்டில், அவர் நூறு ஆணி அடித்தாலும் தான் அடித்த ஆணியின் பலனைக் காணாமலே நிபுணராகிவிடுவார்.

பயிற்சி இடத்தைத் தெரிவு செய்யும் முறை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் ஓர்த்தோப் பயிற்சி ஐந்து வருடம். விண்ணப்பதாரி விரும்பும் இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க, வைத்தியசாலைகளும் தம் வரிசையைக் கொடுக்க, இரண்டையும் பொருத்தி இடம் வழங்கும் முறை 1952இலிருந்து நடக்கிறது. இந்தியாவில் நீட் பி.ஜி. தரவரிசை, எம்.எஸ். ஓர்த்தோ மூன்று வருடம். இங்கே 1980இல் அமைந்த, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம்தான் ஒரே வாசல். டொக்டர்மார் வாயில் அது பி.ஜி.ஐ.எம். பரீட்சையில் எடுத்த புள்ளி வரிசைப்படி நம் முறை வரும்போது மீதமிருக்கும் இடங்களுக்குள் ஒன்றைத் தெரிய வேண்டும். பின்னால் வெளிநாட்டிலும் ஒரு காலம் பயில வேண்டும். தெரிவு குறுகியது என்பதாலேயே சரியான கேள்வியோடு போக வேண்டியிருக்கிறது.

கிளினிக்கில் எதைப் பார்ப்பது என்று கேட்டாள். ஒரு பிள்ளையை உதாரணம் சொன்னேன். கொய்யா மரத்தில் ஏறி விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு உடைந்து வருகிற ஏழு வயதுப் பையன். எங்கள் மலைப் பக்கத்தில் எந்த ஓர்த்தோ யூனிட்டும் அடிக்கடி காண்கிற முறிவு. பிளாஸ்டர் போட்ட கையை ரெஜிஸ்ட்ரார் எப்படித் தொடுகிறார் என்று பார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடிக்குமுன் விரல் நுனியை அழுத்தி, இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறாரா? விரலை மெல்ல நீட்டிப் பார்க்கிறாரா? நீட்டும்போது பிள்ளை துடித்தால் உள்ளே தசை நெரிபடுகிறது என்று அர்த்தம். சில மணித்தியாலம் தவறினால் முன்கைத் தசை செத்து, விரல்கள் கொக்கி போல் மடங்கி ஆயுளுக்கும் நிற்கும். இதைத் தாய்க்கு யார் சொல்கிறார், எந்த மொழியில் சொல்கிறார் என்றும் கவனி. "விரல் வீங்கினா, நீலமானா, மருந்துக்கும் வலி அடங்காட்டி, இரவென்டாலும் உடனே கொண்டு வாங்க." இந்த ஒரு வசனம் அந்தத் தாய்க்கு விளங்குகிற மொழியில் சொல்லப்பட்டதா என்பதில் ஒரு கை தங்கியிருக்கிறது. தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் ஆட்சிமொழி. வத்தேகம பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். மூன்று சமூகத்தாரும் ஒரே சீட்டில் நெருக்கியிருந்து கண்டிக்குப் போகிறோம். வைத்தியசாலைத் துண்டு மட்டும் ஒரு மொழியில் இருந்தால் அது நோயாளியைப் பாதி வழியில் இறக்கிவிடுவதுதான்.

அடுத்த கிளினிக் திகதியை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். பன்விலைக்கு அப்பால் மலையில் இருந்து வருகிறவர் விடியுமுன் நடந்து, பஸ் மாறி, நம்பர் எடுத்து, மாலையில் திரும்ப வேண்டும். கொழுந்து பறிக்கிற தாய்க்கு அன்றைய வேலைப் பேர் விழாது. அந்த நாட்கூலி போய்விடும். "உங்களுக்கு எத்தன மணிக்கு பஸ்?" என்று கேட்டு எக்ஸ்ரேயையும் காயம் கட்டுவதையும் ஒரே நாளில் முடித்துக்கொடுக்கிற யூனிட்டில் படித்தவர், நல்ல டொக்டராகத்தான் வெளியே வருவார்.

நம் சனம் இன்னும் முறிவு நெரிவு வைத்தியரிடம் போவதற்கும் இதில் விடை இருக்கிறது. மூங்கில் பட்டையும் துணியும் இறுகிக் கை கெட்டுப்போய் வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆபத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெத மாத்தையா என்று சனம் அழைக்கும் அந்த நாட்டு வைத்தியர் ஒவ்வொரு முறையும் அதே ஆள். சில நாளுக்கொரு முறை கட்டை அவிழ்த்துப் பார்ப்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிரித்தானிய ஓர்த்தோ மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் ஹியூ ஓவன் தோமஸும் வேல்ஸ் நாட்டு எலும்பு கட்டுகிறவர் குடும்பத்துப் பிள்ளைதான். அவர் பெயரைத் தாங்கிய சிம்புச்சட்டம் முதலாம் உலகப் போரில் தொடை உடைந்த எத்தனையோ சிப்பாய்களைக் காப்பாற்றியது. இன்றும் நம் வார்டுகளில் இருக்கிறது. கூடவே இருந்து பார்க்கும் பழக்கம் அந்த மரபிலிருந்தும் வந்தது. அதை நாம் கைவிட்டால் சனம் அதைத் தேடி வேறிடம் போகும்.

இரவைப் பற்றியும் சொன்னேன். கசுவல்டி நாளில் இரவு இரண்டு மணிக்குத் திறந்த முறிவு வந்தால் யார் வருகிறார்? "நீயே பார்த்துக்கொள்" என்பதை அந்நாளில் நாங்கள் பெரும் பேறாக எண்ணினோம். இன்று எனக்கு அது பேறாகத் தெரியவில்லை. பக்கத்தில் கை கழுவி நின்று, கத்தியை உன்னிடம் தந்துவிட்டு, தான் பேசாமல் பார்க்கிற பெரியவர் இருக்கும் இடம்தான் பயிற்சி நிலையம். மறுநாள் காலை எக்ஸ்ரேக்களை எல்லார் முன்னும் வைத்து, சரியாக அமையாத படத்தையும் ஒளிக்காமல் பேசுகிறார்களா என்பதையும் கேள்.

2022 மார்ச் கடைசியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்ததை நாடே அறியும். அதன் பிறகு எத்தனையோ நிபுணர்கள் கடல் கடந்தார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் சி-ஆர்மும் இம்பிளான்ட்டும் காசிருந்தால் வரும், இல்லாவிட்டால் நின்றுபோகும் என்பதை அந்த வருடம் காட்டியது. விரலைத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்துக்கு டொலர் வேண்டாம்.

தியேட்டர் நாட்களை எண்ணுவது பிழை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. வெட்டாமல் சத்திரசிகிச்சை வராது. பயிற்சி நிலையங்களைப் பார்வையிட்டு அங்கீகரிக்கிறவர்களும், இடம் தெரியப்போகும் பிள்ளைகளும் இந்தக் கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்: ரெஜிஸ்ட்ரார் தான் வெட்டிய நோயாளியை ஆறு மாதம் கழித்தும் பார்க்கிறாரா? தமிழ் பேசும் நோயாளிக்குத் தமிழில் சொல்ல ஆள் உண்டா? இரவில் பெரியவர் வருகிறாரா? நல்ல பிள்ளைகள் இவற்றைக் கேட்டு இடம் தெரியத் தொடங்கினால், யூனிட்டுகள் தாமாகவே பதில் தேடிக்கொள்ளும்.